காசு வேணும் என்று வாய் திறந்து சொல்வது

எங்கள் ஊரில் காசைப் பற்றிக் கதைக்காத வீடு இல்லை. பவுண் விலை, சீட்டுக் கழிவு, கனடா டொலர் இன்றைக்கு எவ்வளவு, சந்திக்குப் பக்கத்துக் காணி பரப்பு என்ன விலைக்குப் போனது, எல்லாமே வேலிக்கு மேலால் வந்து சேரும். ஆனால் ஒரு பெண் "எனக்கு இன்னும் காசு வேணும்" என்று சொன்னால் கதை அந்த இடத்தில் நின்றுவிடும். ஆண் சொன்னால் முன்னேறப் பார்க்கிறான். பெண் சொன்னால் காசாசை பிடித்தவள்.

நான் யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் வீட்டு விறாந்தையில் தையல் செய்கிறேன். சாறிப் பிளவுஸ்தான் கூட, இடைக்கிடை பள்ளிக்கூடச் சீருடை. கணவர் பட்டணத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறார். இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. அண்ணா ரொறன்ரோவில். பட்டினி கிடந்த குடும்பம் இல்லை, ஆனால் மாதக் கடைசிக் கிழமை வந்தால் கொப்பியைத் திறக்க மனம் வராது. இன்னும் உழைக்க வேண்டும், கையில் நாலு காசு தங்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் இருந்தது. அந்த ஆசை எழும்பும் போதெல்லாம் ஏதோ களவு செய்த மாதிரி ஒரு கூச்சமும் கூடவே எழும்பும்.

அந்தக் கூச்சத்துக்கு அம்மாவின் குரல். "உயிரோடை இருக்கிறமெல்லோ, அது காணும்."

1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அம்மாவின் கையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் காணி உறுதி, எங்கள் பிறப்புப் பத்திரங்கள், துணியில் சுற்றிய இரண்டு காப்பு. நாவற்குழிப் பாலம் தாண்ட முன்னமே விடிந்துவிட்டது. பிறகு சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, வாங்குகளை அடுக்கிப் பிரித்த மூலை, எங்களோடு இன்னும் நாலு குடும்பம். அங்கே ஒரு காப்பு அரிசியாகவும் மாவாகவும் அண்ணாவின் காய்ச்சல் மருந்தாகவும் போனது. மற்றக் காப்பை அம்மா இன்றைக்கும் போட்டிருக்கிறா.

அம்மாவின் வசனத்தை நான் பல வருடம் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தேன். பிறகுதான் காப்பின் பக்கமிருந்து யோசித்தேன். காசு பெரிதில்லை என்று சொல்கிற அம்மா, ஓடும்போது எடுத்தது உறுதியையும் பவுணையும். அதற்கு முன் எத்தனை வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்தால் அந்த இரண்டு காப்பு வந்திருக்கும்? உயிரோடு இருப்பதற்கும் அந்தச் சேமிப்புக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நாங்கள் கதைக்கப் பழகிவிட்டோம்.

இதைவிடக் கனமானது இன்னொன்று. சித்தியின் மூத்த மகன் 2009இல் வன்னியில் இல்லாமல் போனான். என்னைவிட இரண்டு வயது இளையவன். துணி ஓரம் பிசிறாமல் தைக்கிற ஓவர்லொக் மெஷின் ஒன்று வாங்க ஆசைப்பட்ட காலத்தில் அவன் முகம் வரும். அவன் இல்லை, எனக்கு எதற்கு ஓவர்லொக் என்று தோன்றும். வெளியே சொன்னால் விசர்க்கதை போலத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்கை மனதுக்குள் போடாத ஆட்கள் குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

அதைக் கரைத்தது சித்திதான், அதுவும் தெரியாமல். விசுவமடுவில் அவவுக்குக் கொஞ்சம் கச்சான் தோட்டம். ஒரு முறை போயிருந்தபோது வியாபாரி லொறியோடு வந்து நின்றான். சித்தி ஒரு பிடி கச்சானைக் கையில் எடுத்து, கோதை உடைத்து, பருப்பை அவனுக்கு முன்னால் உள்ளங்கையில் பரப்பி, "இதுக்கு உந்த விலையோ தம்பி? பாத்துச் சொல்லு" என்றா. அவன் ஒரு விலை சொல்ல இவ தலையாட்டவில்லை. லொறி புறப்படுகிற மாதிரி உறுமியது. இவ அசையவில்லை. கடைசியில் கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் கூட வாங்கித்தான் மூட்டையைத் தூக்கவிட்டா. பின்னால் சுவரில் மகனின் மாலை போட்ட படம். மகனை இழந்த தாயே பதினைந்து ரூபாய்க்கு அப்படி நின்று பேசுகிறா. அவன் பெயரைச் சொல்லி என் விலையை நான் குறைத்துக்கொண்டிருப்பதில் யாருக்கு என்ன புண்ணியம்?

2022 வந்தது. பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூடக் கரன்ட் வெட்டினார்கள். மோட்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய கால்மிதி மெஷினை இழுத்துப் போட்டேன். டொலர் 200 சொச்சத்திலிருந்து 360க்குப் போக, நூல், லைனிங், ஹூக் எல்லாம் கிழமைக்குக் கிழமை ஏறியது. புரட்டாதி மாதம் நாட்டின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. வங்கிப் புத்தகத்தில் இருந்த தொகை அப்படியே இருந்தது. அதற்கு வாங்கக்கூடிய அரிசி மட்டும் குறைந்துகொண்டே போனது. 'இருக்கிறது காணும்' என்ற வசனம் அந்த வருடத்தோடு எனக்குச் செல்லுபடியாகாமல் போய்விட்டது. இருக்கிறது இருக்கிற இடத்திலேயே உருகுகிறதே.

அந்த நாட்களில் ஒரு நாள் மகளின் பழைய கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு லைனிங் வைத்த பிளவுசுக்குக் கணக்குப் போட்டேன். லைனிங் துணி 420 ரூபாய். நூல், ஹூக், பட்டிக்குள் வைக்கிற ஒட்டுத்துணி 80. கரன்ட், ஊசி, மெஷின் பராமரிப்பு என்று 50. மொத்தம் 550. நான் வாங்கிக்கொண்டிருந்தது 650. வெட்டி, தைத்து, கைவேலை முடிக்க மூன்றரை மணித்தியாலம். மூன்றரை மணித்தியாலத்துக்கு நூறு ரூபாய்.

பிறகு அடுத்த பக்கத்தில் இன்னொன்று எழுதினேன். எனக்கு எவ்வளவு காசு வேணும்? வீட்டுச் செலவு மாதம் 90,000. வேலை நின்றாலும் ஆறு மாதம் ஓட 540,000. மகள் ஏ.எல். முடித்துக் கம்பஸ் போனால் படிப்பு இலவசம், தங்குவதும் சாப்பாடும் இலவசம் இல்லை, அதற்கு 300,000. பின்பக்கக் கூரை 400,000. அம்மாவின் வைத்தியத்துக்கு 150,000. ஓவர்லொக் 110,000. கூட்டினால் 15 லட்சம். ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 25,000.

பேராசை, பேராசை என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்த ஆசையின் முழு உருவம் இவ்வளவுதான். அதில் ஒரு வரியையாவது வெட்டலாமா என்று பார்த்தேன். கூரையை வெட்டினால் மழை வீட்டுக்குள். அம்மாவை வெட்டவா? இந்த விஷயத்தில் நான் யாருக்காவது ஒன்று சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன்: எவ்வளவு, எதற்கு என்று எழுதிப் பாருங்கள். 'நிறையக் காசு' என்று இருக்கும்வரை அது பாவம் மாதிரித் தெரியும். தொகையாக எழுதியதும் அது வீட்டு வேலையாகிவிடும்.

விலையை 1,400 ஆக்கினேன். துணி தரும்போது பாதி, எடுக்கும்போது மீதி. நல்லூர்க் கொடியேற்றத்துக்குப் பிறகு கொண்டுவந்து தேருக்கு முதல் வேண்டும் என்றால் 300 கூட. இதை ஒரு மட்டையில் எழுதி மெஷினுக்கு மேலே தொங்கவிட்டேன். வாயால் சொல்லத் தயங்குகிறவர்களுக்கு மட்டை நல்ல துணை. அது முகம் பார்த்து இரக்கப்படாது.

முதலில் வந்தவ அடுத்த ஒழுங்கை மாமி.

"என்ன பிள்ளை, ஒரு சட்டைக்கு ஆயிரத்து நானூறோ? எங்களிட்டையும் உப்பிடிக் கேக்கிறியே?"

"ஓம் மாமி. லைனிங் விலை உங்களுக்கும் தெரியும்தானே."

"உனக்கென்ன, கொண்ணன் கனடாவிலை."

முன்னர் என்றால் அந்த இடத்தில் நான் விழுந்திருப்பேன். அன்றைக்குச் சிரித்துக்கொண்டு, "அண்ணா தைக்கேல்லை மாமி, நான்தான் தைக்கிறன்" என்றேன். மாமி இப்போது வேறு இடத்தில் கொடுக்கிறா. கோயிலில் கண்டால் கதைக்கிறா. இன்னும் சிலர் வராமல் விட்டார்கள். வேலை குறைந்தது, வருமானம் கூடியது, இரவு பத்து மணிக்கு முதுகு நிமிர்த்திப் படுக்க முடிகிறது. விலையைக் கூட்டினால் எல்லாரும் மெச்சித் திரும்பி வருவார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொஞ்சப் பேர் போவார்கள். போகிற அளவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "நல்லூரானே அர்ச்சனைக்கு ஒரு ரூபாய்தான் வாங்கிறார்" என்றா. உண்மைதான், இன்றைக்கும் ஒரு ரூபாய்தான். மகள் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தி, "முருகன் லைனிங் வாங்கத் தேவையில்லை அம்மம்மா" என்றாள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இந்த ஊர் காசு தேடாத ஊரா என்ன? நூறு வருடத்துக்கு முன் மலாயாவுக்குப் போய் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்து மணியோடர் அனுப்பியவர்களின் காசில் எழும்பிய நாற்சார வீடுகள் இன்னும் நிற்கின்றன. அவர்களை ஒருவரும் காசாசை பிடித்தவர்கள் என்று சொல்வதில்லை, பெரிய மனிசர் என்றுதான் சொல்கிறோம். திரைகடல் ஓடினால் பெருமை, விறாந்தையில் இருந்து உழைத்துக் கூட்டிக் கேட்டால் பேராசை!

அண்ணாவின் விஷயம் கொஞ்சம் சிக்கல். மாதாமாதம் அம்மாவுக்கென்று அனுப்புவார், திருவிழா, கலியாணம், அந்தியேட்டி என்றால் அதற்கும் தனியாக வரும். வாங்கும் போதெல்லாம் எனக்குக் குறுகும். வட்ஸ்அப்பில் குளிர் உடுப்போடு இரண்டாவது வேலைக்குப் போகிற படியில் நின்று கதைப்பார். ஒரு நாள் அந்த 15 லட்சக் கணக்கைப் படம் எடுத்து அனுப்பினேன். காசு கேட்டு இல்லை, நான் என்ன செய்யப் பார்க்கிறேன் என்று காட்ட. கனநேரம் பதில் இல்லை. பிறகு கூப்பிட்டார்.

"நான் உங்களை விட்டிட்டு வந்திட்டன் எண்ட நினைப்பிலைதான் அனுப்பிறன். திருவிழாக் காசு கனதரம் கடன் அட்டையிலை எடுத்தது."

அவர் அங்கே குறுகிக் குறுகி அனுப்ப, நான் இங்கே குறுகிக் குறுகி வாங்க, நடுவில் வட்டி மட்டும் கூச்சமில்லாமல் ஓடியிருக்கிறது. அம்மாவின் மருந்துச் செலவு அவருடையது, மற்றது எங்களுடையது என்று முடிவெடுத்தோம். வெளிநாட்டில் சகோதரம் இருக்கிறவர்கள் ஒரு தரமாவது தொகையோடு கதைத்துப் பார்க்கலாம். சுகமா, சாப்பிட்டியா என்பதற்குள் இது வராது.

கணவரோடு கதைத்தது வேறு விதம். என் பெயரில் மட்டும் ஒரு கணக்குத் திறக்கப் போகிறேன் என்றதும், "என்னை நம்பேல்லையோ?" என்றார். அவர் மோசமான ஆள் இல்லை, அதனால்தான் அந்தக் கேள்வி சுட்டது. நான் சொன்னேன்: "உங்களுக்கு ஈ.பி.எப். எண்டு சேமலாப நிதி இருக்கு. உங்கடை சம்பளத்திலை 8 வீதம் வெட்டினம், முதலாளி 12 வீதம் போடுறார். ஈ.ரி.எப். எண்ட நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் வேறை. 55 வயதிலை உங்களுக்கு ஒரு தொகை வரும். எனக்கு யார் போடுறது?" அவர் கணக்கு எழுதுகிறவர், தொகையைச் சொன்னால் விளங்கும். மௌனமாக இருந்துவிட்டு, "என்ன வங்கி?" என்று கேட்டார். யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துச் சட்டமான தேசவழமைப்படி, சீதனமாக என் பெயரில் எழுதிய இந்த வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ அவருடைய எழுத்துமூலச் சம்மதம் எனக்கு வேண்டும். வங்கியில் போடுகிற காசுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கலியாணம் முடித்த பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் மினக்கெடுவதில்லை.

காசை எங்கே வைப்பது என்பதில் நான் கொஞ்சம் பயந்த ஆள். 2022 சித்திரையில் மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 வீதப்புள்ளி ஏற்ற, நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேலும் தந்தார்கள். ஊரே துள்ளியது. விலைவாசி 70 வீதம் ஏறுகிற காலத்தில் 20 வீதம் என்பது கொஞ்சம் மெதுவாக ஏழையாவதுதான். பிறகு வட்டி விழுந்ததும் அதே ஆட்கள் கூட வட்டி தருகிற இடம் தேடி அலைந்தார்கள். நான் பார்ப்பது இரண்டு. அந்த நிறுவனத்துக்கு மத்திய வங்கியின் அனுமதி இருக்கிறதா? ஓரிடத்தில் என் பெயரில் வட்டியோடு சேர்த்து 11 லட்சத்துக்கு மேல் போகாமல் இருக்கிறதா? ஏனென்றால் நிறுவனம் விழுந்தால் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு அந்த அளவுக்குத்தான். இன்னொன்று, 2025 சித்திரையிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிக்கிறார்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்து அதை நிறுத்தலாம். கவுண்டரில் கேட்டால்தான் தருவார்கள்.

சீட்டு இப்போதும் ஒன்று கட்டுகிறேன், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. 20 பேர், மாதம் 10,000, சீட்டு 2 லட்சம். முதல் மாதங்களில் அவசரத்துக்கு 40,000 கழிவு விட்டு எடுத்தால் கைக்கு வருவது 160,000. கட்டப்போவது முழுசாக 2 லட்சம். அந்த 40,000 வட்டியேதான். அக்கா தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு கட்டுவதால் வட்டி மாதிரித் தெரியாது. கடைசியாக எடுத்தால் அது சேமிப்பு. சீட்டை நடத்துகிறவ ஓடிவிட்டால் ஒன்றுமே இல்லை. கிழமைக்கடன் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டில் ஐந்து பேர் குழுவாக எடுத்து, ஒருத்தி கட்டாமல் விட மற்ற நாலு பேரும் சேர்ந்து கட்டியதைக் கண்ணால் கண்டவள். பவுண் வாங்கினால் கல் வைக்காத வெறும் பவுண். கல்லுக்கும் செய்கூலிக்கும் கொடுத்த காசு ஈடு வைக்கும்போது திரும்பி வராது.

கைமாற்றுக் கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கடினம். இப்போது அதற்கென்று மாதம் 5,000 தனியாக ஒரு பிஸ்கற் ரின்னில் போடுகிறேன். அதில் இருந்தால் கொடுப்பேன், திரும்பி வருமா என்று யோசிக்க மாட்டேன். ரின் காலியானால் "இந்த மாசம் முடிஞ்சுது அக்கா, அடுத்த மாசம் பாப்பம்." பொய் இல்லை, அதனால் நாக்குக் குளறுவதில்லை. மிஞ்சினால் சந்நிதி அன்னதானத்துக்குப் போகும்.

ஓவர்லொக் வாங்கிவிட்டேன். வேலை கூடியதால் நீர்வேலியிலிருந்து ஒரு பிள்ளை முழுநேரம் வரப் போகிறாள், தையல் டிப்ளோமா முடித்தவள். முதல் நாளே விறாந்தைக் கதிரையில் நிமிர்ந்து இருந்து, "அக்கா, முப்பத்தைஞ்சு தந்தால் நிண்டு செய்வன்" என்றாள். எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. என்ன பிள்ளை இது, வந்த உடனேயே காசுக் கதை என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு முப்பத்தொன்று என்றேன். 2026 தையிலிருந்து சட்டப்படியான குறைந்த சம்பளமே 30,000 என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. முப்பத்துமூன்றில் முடிந்தது, நல்லூர்த் திருவிழா மாதம் ஒரு கொடுப்பனவும். எழும்பிப் போகிறவள் படலையில் நின்று திரும்பி, "ஈ.பி.எப். போடுவியள்தானே அக்கா?" என்றாள்.

ஒரு ஆள் வைத்திருந்தாலும் போட வேண்டும் என்பது சட்டம். என் பங்கு 12 வீதம் 3,960, ஈ.ரி.எப். 990. அவளுக்காக மாதம் மொத்தம் 37,950 நான் எடுத்து வைக்க வேண்டும். ஒரு பிளவுசில் கையில் நிற்பது 850 என்றால் 45 பிளவுஸ் வேண்டும். அவள் ஒருத்தியே மாதம் அவ்வளவு தைப்பாள், பட்டி கட்டுகிற வேகத்தைப் பார்த்தேன். திங்கட்கிழமை பதிவுக்குத் தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டும். மட்டையில் விலையும் தைக்கு முதல் 1,500 ஆகிறது.